மூக்கு சாட்சி சொல்லலாம், தீர்ப்பு சொல்லக் கூடாது

ஹோலிப் பண்டிகை நெருங்கினால் டில்லித் தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு கிளம்பும். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி அன்போடு நீட்டும் தண்டாயை வாங்கிக் குடிக்கலாமா, அதில் பாங் கலந்திருக்குமா என்பதுதான் அது. உடனே யாராவது ஒருவர், "முகர்ந்து பார்த்தால் தெரிந்துவிட்டுப் போகிறது" என்பார். பாதாம், ஏலக்காய், மிளகு, சோம்பு, ரோஜா இதழ் எல்லாம் அரைத்துச் சேர்த்த பாலில் பாங்கின் வாசனையைத் தனியே பிரித்தறிவது பழகிய மூக்குக்கே கஷ்டம். ஆனால் இதே மனிதர், காலேஜுக்குப் போகும் எதிர்வீட்டுப் பையன் மாடிப்படி ஏறும்போது ஏதோ வாடை அடித்தது என்பதை வைத்து அவன் "அந்தப் பழக்கம்" உள்ளவன் என்று சத்தியம் செய்வார்.

கஞ்சா விஷயத்தில் நாம் எல்லோருமே மூக்கை அளவுக்கு மீறி நம்புகிறோம் என்பது என் அபிப்பிராயம். போலீஸ்காரர் நம்புகிறார், வியாபாரி நம்பச் சொல்கிறார், பெற்றோர்களும் நம்புகிறோம். இதனால் குற்றமற்றவன் மாட்டிக்கொள்கிறான். ஆபத்தில் இருப்பவன் கண்ணில் படாமல் போகிறான். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். உத்தியோகம் பார்த்த காலம் முழுவதும் மசாலா எண்ணெய்களையும் அத்தரையும் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் கழித்தவன் நான். கஞ்சாவை நான் சோதித்ததில்லை. அதற்கு அரசு அனுமதி வேண்டும். ஆனால் கஞ்சாவின் மணத்தைப் பிரித்துப் பார்க்க விஞ்ஞானிகள் பயன்படுத்தும் கருவியும் நான் பழகிய கருவியும் ஒன்றுதான்.

அந்தக் கருவிக்கு கேஸ் குரோமட்டோகிராஃப் என்று பெயர். தலைமயிர் போல மெல்லிய, முப்பது மீட்டர் நீளமுள்ள ஒரு குழாயைச் சுருட்டி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். ஒரு முனையில் ஒரு துளி எண்ணெயை விட்டால் அது ஆவியாகி ஹீலியம் வாயுவோடு குழாய்க்குள் ஓடும். கல்யாண ஊர்வலத்தில் இளவட்டங்கள் முன்னால் ஓட, பெரியவர்கள் பின்தங்கி வருவது போல, லேசான பொருள்கள் முதலிலும் கனமானவை பின்னாலும் வெளியே வரும். ஒவ்வொன்று வரும்போதும் காகிதத்தில் ஒரு சிகரம் விழும். அதை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற இன்னொரு கருவி உடைத்து எடைபோட்டு, இன்ன பொருள் என்று அடையாளம் சொல்லும். சில கூடங்களில் குழாயின் கடைசியில் ஒரு கண்ணாடிப் புனல் இருக்கும். அதில் மூக்கை வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நான் பல வருஷம் அப்படி உட்கார்ந்தவன். அங்கே படித்த பாடம் ஒன்று உண்டு. காகிதத்தில் மலை மாதிரி உயர்ந்த சிகரம் புனலில் ஒன்றுமில்லாமல் போகும். கண்ணுக்கே தெரியாத ஒரு புள்ளியிலிருந்து மூக்கைத் துளைக்கும் நெடி வரும். நம் வீட்டு ஃபில்டர் காப்பியின் மணத்தில் முக்கியப் பங்கு, மிக மிகக் குறைந்த அளவில் இருக்கும் ஒரு கந்தகச் சேர்மத்துடையது என்றால் பலர் நம்ப மாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

இந்தக் கருவியில் கஞ்சாப் பூவைப் போட்டால் என்ன வருகிறது? நூற்றுக்கும் மேற்பட்ட மணப்பொருள்கள். அவற்றில் பெரும் பகுதி டெர்பீன் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. பெயர்களைச் சொன்னால் நம் அஞ்சறைப்பெட்டி ஞாபகம் வரும். லினலூல் என்பது கொத்தமல்லி விதை எண்ணெயின் முதன்மைப் பொருள். காரியோஃபிலீன் மிளகிலும் கிராம்பிலும் கறிவேப்பிலையிலும் இருக்கிறது. லிமொனீன் ஆரஞ்சுத் தோலிலும், பைனீன் பைன் மரத்திலும், மிர்சீன் மாம்பழத்திலும் உண்டு. சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறந்தால் வரும் மணத்தில் உள்ள பல மூலக்கூறுகள் கஞ்சாப் பூவிலும் இருக்கின்றன. அளவும் சேர்மானமும் வேறு, அவ்வளவுதான்.

போதை தரும் பொருளோ இந்தப் பட்டியலில் இல்லை. அதன் பெயர் டி.ஹெச்.சி. 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியல் காவோனியும் அதைத் தூய வடிவில் பிரித்து அமைப்பைக் கண்டார்கள். அது லேசில் ஆவியாகாது. அதற்கு வாசனையும் இல்லை. ஆகவே மூக்கு பிடிப்பது ஒன்று, மூளையைப் பிடிப்பது வேறொன்று. இரண்டும் ஒரே செடியில் குடியிருக்கின்றன என்பது தவிர ஒன்றின் அளவு மற்றதைக் காட்டாது. நான் சொல்ல வந்ததற்கு அடிப்படை இதுதான்.

சரி, டெர்பீன்தான் மணம் என்றால் கஞ்சாவுக்கே உரிய அந்த முகம் சுளிக்க வைக்கும் நெடி எதிலிருந்து வருகிறது? நெடுங்காலம் இதற்குச் சரியான விடை இல்லை. அமெரிக்காவில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி உண்டு. பயந்தால் நாற்றமடிக்கும் திரவத்தைப் பீய்ச்சும். அங்கே கஞ்சா நெடியை அதன் பெயரால்தான் சொல்வார்கள். 2021-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த இயன் ஆஸ்வால்டும் அவரது குழுவினரும் 13 வகைக் கஞ்சாப் பூக்களை எடுத்து, இரண்டு குழாய்களை அடுத்தடுத்து இணைத்த குரோமட்டோகிராஃபில், கந்தகத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் கருவியையும் பொருத்திச் சோதித்தார்கள். டெர்பீன் மலைகளுக்கு நடுவே ஒளிந்திருந்த கந்தகச் சேர்மங்கள் அகப்பட்டன. அவற்றில் முக்கியமானது 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தையால். இவர்கள் மணப்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் முடிவுகளை எல்லோரும் பார்க்கும்படி ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

இந்தச் சேர்மம் ரசாயனத்துக்குப் புதிதல்ல. வெயிலில் வைத்த பீர் கெட்டு நாறுவது இதனால்தான். பீர் பாட்டிலுக்குப் பழுப்புக் கண்ணாடி போடுவதும் இதற்காகத்தான். பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பம். பூண்டின் நெடியைத் தரும் பொருள்களும் இதற்குச் சொந்தக்காரர்களே. பெருங்காயமும் கந்தகத்தால்தான் மணக்கிறது. மேலும் ஒரு விஷயம்: செடி பூத்து முடியும் வாரங்களில் இந்தச் சேர்மங்கள் ஏறி, உலர்த்திப் பதப்படுத்தும்போது உச்சத்துக்குப் போய், சேமித்து வைத்தபின் வெகுவாகக் குறைந்துவிடுவதை அந்தக் குழு கண்டது. நெடி போய்விட்டது என்பதால் போதை போய்விடவில்லை.

இதே குழு 2023-ல் இன்னொரு முடிவை வெளியிட்டது. டெர்பீன் அளவுகள் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் பூக்கள்கூட மணத்தில் முற்றிலும் வேறுபடுகின்றன. அதற்குக் காரணம் டெர்பீன் அல்லாத, மிகச் சிறிய அளவிலுள்ள பொருள்கள். இன்டோல், ஸ்கடோல் போன்றவை அதில் அடக்கம். இன்டோல் நம் மல்லிகைப் பூவில் உண்டு. ஸ்கடோல் எங்கே உண்டு என்பதைச் சாப்பாட்டு வேளையில் படிப்பவர்களை உத்தேசித்துச் சொல்லாமல் விடுகிறேன்.

மனித மூக்கை விடுங்கள், மோப்ப நாய் தவறு செய்யுமா என்று கேட்பீர்கள். 1973-ல் ஜெர்மனியில் எகோன் ஸ்டாலும் குண்டே என்பவரும் சேர்ந்து, சரஸைத் தேடப் பழகிய நாய்கள் எந்தப் பொருளை அடையாளமாகக் கொள்கின்றன என்று ஆராய்ந்தார்கள். கிடைத்த விடை காரியோஃபிலீன் ஆக்ஸைடு. மிளகிலும் கிராம்பிலும் உள்ள காரியோஃபிலீன் காற்றோடு சேர்ந்து மாறும்போது உண்டாவது அது. இதைப் படித்துவிட்டு, ஊரிலிருந்து அம்மா கட்டிக் கொடுத்த மிளகுப்பொடிக்காக ரயில்வே ஸ்டேஷனில் நாய் உங்களைப் பிடிக்கும் என்று பயப்பட வேண்டாம். நாய்களுக்கு நிஜ மாதிரிகளையே கொடுத்துப் பழக்குகிறார்கள். மிளகையும் கஞ்சாவையும் பிரித்தறிய அவற்றால் முடியும். ஆனால் நாயும் டி.ஹெச்.சி.யை முகர்வதில்லை. அது செடியை முகர்கிறது.

அமெரிக்காவில் இந்த வேற்றுமை கோர்ட்டுக்கே போய்விட்டது. 2018-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. டி.ஹெச்.சி. 0.3 சதவீதத்துக்கு மேற்படாத கஞ்சாச் செடி ஹெம்ப் என்ற விவசாயப் பொருளாயிற்று. அதற்கு மேற்பட்டால் போதைப்பொருள். இரண்டுக்கும் ஒரே வாசனை. காரை நிறுத்தி, "கஞ்சா வாடை அடிக்கிறது" என்று சொல்லிச் சோதனை போடுவது செல்லுமா என்ற கேள்வி எழுந்தது. பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 2021-ல், வாடை மட்டும் போதாது, மற்றக் காரணங்களோடு சேர்த்து ஒரு காரணமாகக் கொள்ளலாம் என்றது. இல்லினாய் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில், எரிந்த கஞ்சாவின் வாடை மட்டும் இருந்தால் காரைச் சோதிக்க முடியாது என்றது. அதே நீதிமன்றம் அதே வருஷம் டிசம்பரில், பச்சைக் கஞ்சாவின் வாடை வந்தால் சோதிக்கலாம் என்றது. காரணம், காரில் எடுத்துப் போனால் மணம் வெளிவராத பெட்டியில்தான் வைக்க வேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம். வாடை வந்தாலே அந்தச் சட்டத்தை மீறியதாகத் தோன்றுகிறது அல்லவா! நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் மூக்கின் சாட்சியத்துக்கு எல்லை எங்கே என்று அங்கே நீதிபதிகள் உட்கார்ந்து யோசிக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகள். நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் வராது. பாங் இலையை உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் லைசென்ஸ் கடையில் விற்பது இந்த இடைவெளியில்தான். டி.ஹெச்.சி. எத்தனை சதவீதம் என்ற பேச்சே அந்த விளக்கத்தில் இல்லை. ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறு அளவு: ஒரு வருஷம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இருபது கிலோவுக்கு மேல் என்றால் வியாபார அளவு: குறைந்தது பத்து வருஷம், ஜாமீன் கிடைப்பதும் அரிது. உத்தராகண்ட் 2018-ல் ஹெம்ப் சாகுபடிக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. அங்கேயும் எல்லை 0.3 சதவீதம். அந்த வயலும் மணக்கும். வட இந்தியாவில் காலி மனைகளிலும் ரயில் பாதை ஓரங்களிலும் தானாக முளைத்து நிற்கும் செடியும் மணக்கும். மூக்குக்கு எல்லாம் ஒன்றே, சட்டத்துக்கு ஒன்றல்ல.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. எங்கள் பேட்டையில் நம் ஊர்ப் பக்கத்து இன்ஜினீயரிங் மாணவர்கள் இரண்டு பேர் ஒரு மாடி அறையில் குடியிருந்தார்கள். சங்கத்தின் பொங்கல் விழாவில் பந்தி பரிமாறிய பையன்கள். ஒருநாள் வீட்டுக்காரர், அறையிலிருந்து கஞ்சா வாடை வருகிறது என்று சொல்லி, பரீட்சை சமயத்தில் மூட்டை முடிச்சோடு வெளியே அனுப்பினார். முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார். போலீசுக்குப் போவேன் என்று மிரட்டியதால் அவர்கள் வாய் திறக்கவில்லை. விஷயம் தெரிந்து நான் போய்ப் பார்த்தபோது, அறையின் பின் ஜன்னலுக்கு நேர் கீழே காலி மனையில் ஆள் உயரத்துக்கு அந்தச் செடி பூத்து நின்றது. ஜன்னலைத் திறந்தால் வீடு முழுக்க அதே நெடி. பையன்கள் உத்தமர்களா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் சட்டைப்பையை நான் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்காரருக்கும் தெரியாது என்பதுதான் என் வாதம். தெரியாத ஒன்றை வைத்து இரண்டு பேரின் படிப்பில் விளையாடினார். வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள், பாஷை சரியாக வராது, கேட்பதற்கு ஆள் இல்லை என்றால் மூக்கின் தீர்ப்பு இன்னும் சுலபமாகிவிடுகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஒருதலைப்பட்சமாகப் பேசியவனாவேன். வெளிநாடு போய்வந்த நம் பிள்ளைகள் சிலர், "அங்கிள், இதெல்லாம் டெர்பீன். மிளகில் இருப்பதுதான்" என்று எனக்கே பாடம் நடத்துகிறார்கள். கஞ்சா விற்பனை சட்டப்படி நடக்கும் நாடுகளில் கடைக்காரர்கள் இந்தப் பேச்சைக் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்: இந்த மணம் நிம்மதி தரும், அந்த மணம் சுறுசுறுப்புத் தரும், முகர்ந்து பார்த்து வாங்குங்கள் என்று. இதில் கொஞ்சம் விஷயம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். காரியோஃபிலீன் நம் உடம்பில் கஞ்சாப் பொருள்கள் போய் ஒட்டும் இரண்டு வகை ஏற்பிகளில் ஒன்றில் ஒட்டுகிறது என்று 2008-ல் காட்டினார்கள். ஆனால் அது போதை தரும் ஏற்பி அல்ல. 2024-ல் அமெரிக்காவில் 20 பேரை வைத்து நடந்த சோதனையில், டி.ஹெச்.சி.யோடு அதிக அளவில் லிமொனீன் சேர்த்து ஆவியாகக் கொடுத்தபோது பதற்றம் குறைந்தது. இருபது பேர், ஒரு சோதனை, அளந்து கொடுத்த மருந்து. இதிலிருந்து கடையில் முகர்ந்து வாங்கும் பொட்டலத்துக்குத் தாவுவது ரசாயனம் ஆகாது, வியாபாரம்.

மிளகில் இருப்பது கஞ்சாவிலும் இருக்கிறது என்பதால் கஞ்சா மிளகாகிவிடாது. ஆபத்து மிளகில் இல்லாத பொருளில் இருக்கிறது, அதற்கோ மணம் கிடையாது. மணம் நன்றாக இருந்தால் சரக்கு நன்றாக இருக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. 2019-லும் 2020 தொடக்கத்திலும் அமெரிக்காவில் ஆவி உறிஞ்சும் கருவிகளைப் பயன்படுத்திய 2,800-க்கும் மேற்பட்டவர்கள் நுரையீரல் பாதிப்போடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் டி.ஹெச்.சி. எண்ணெய் உறிஞ்சியவர்கள். எண்ணெயைக் கெட்டியாக்கக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். கள்ளச் சந்தையில் வாங்கிய அந்தக் குப்பிகளைத் திறந்து முகர்ந்தால் அதில் விஷம் தெரிந்திருக்காது. குரோமட்டோகிராஃபில் போட்ட பிறகுதான் தெரிந்தது.

பெற்றோர்களுக்கு இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. எண்ணெயாகவும் மிட்டாயாகவும் வரும் சரக்கில் அந்தப் பழைய வாடை இல்லாமலே இருக்கலாம். பையன் சட்டையில் வாசனை இல்லை என்று நிம்மதியாகத் தூங்குவதும், வாசனை இருக்கிறது என்று அவனை அடித்துத் துரத்துவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். தூக்கம் எப்படி இருக்கிறது, படிப்பு எப்படிப் போகிறது, கைச்செலவு எங்கே போகிறது, பழைய நண்பர்கள் ஏன் வருவதில்லை என்பவையெல்லாம் மூக்கைவிட நல்ல சாட்சிகள். சந்தேகம் வலுத்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். சிறுநீர்ச் சோதனை என்று ஒன்று இருக்கிறது. அவனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திருட்டுத்தனமாக எடுத்த சோதனையால் ஒரு விடை கிடைக்கலாம், பிள்ளை கிடைக்க மாட்டான்.

அதிகாரிகளிடம் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: வாடையோ நாயோ சோதனை போடுவதற்குக் காரணமாகலாம். அதை எதிர்த்து அங்கே மல்லுக்கு நிற்க வேண்டாம். ஆனால் உடம்பைச் சோதிப்பதானால், பக்கத்திலுள்ள கெஜட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமையைச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. கையிலுள்ள பைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் சொல்லியிருக்கிறது. பிடித்த பொருள் இன்னதுதான் என்பதை ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். மூக்கு சொன்னதை அங்கே ரசாயனம் உறுதிப்படுத்தவோ மறுக்கவோ செய்யும். அந்த அறிக்கை சீக்கிரம் வர வேண்டும் என்பதே என் கோரிக்கை. கூடங்களில் போதிய கருவிகளும், கருவியை ஓட்டத் தெரிந்த ஆட்களும் இருந்தால் உள்ளே கிடக்க வேண்டாதவன் சீக்கிரம் வெளியே வருவான். உள்ளே போக வேண்டியவனும் தப்ப மாட்டான்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. வருஷந்தோறும் சர்க்கரை நோய்க்கும் கண்ணுக்கும் முகாம் நடத்துகிறோம். இந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு மனநல டாக்டரையும் ஒரு வக்கீலையும் அழைத்து, பிள்ளைகளையும் பெற்றோர்களையும் ஒரே ஹாலில் உட்கார வைத்து இதைப் பேசலாம். ரசாயனப் பகுதிக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். கொத்தமல்லி, மிளகு, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் நான்கையும் டப்பாவில் கொண்டுவருவேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்து எது எதுவென்று சொல்லட்டும். அதிலேயே எத்தனை பேர் தவறுவார்கள் என்று பார்த்தால், அடுத்த வீட்டுப் பையனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் முன் கொஞ்சம் யோசிப்போம்.